கொன்சாகா குடும்பம்: கலை ரசிகர்களா, காரியக்காரர்களா?

11 ஜனவரி, மாலை. 'கரிசல்காடு' கேட்டது

இத்தாலியப் பிரபுக் குடும்பங்கள் என்றாலே எல்லோரும் மெடிச்சி, மெடிச்சி என்கிறார்கள். வட்டிக்குப் பணம் விட்டுச் சேர்த்துவிட்டு, பாவம் கழியப் படம் வரையச் சொன்ன கூட்டம் அது. வட இத்தாலியில் மாந்துவாவை ஆண்ட கொன்சாகா குடும்பம்தான் உண்மையான ரசிகர்கள். கலைக்காகவே வாழ்ந்தார்கள், கலைக்காகச் செலவழித்தே அழிந்தார்கள். நான் சொல்வது சரிதானா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

11 ஜனவரி, இரவு

பாதி சரி. செலவழித்தார்கள், அழிந்தார்கள், இரண்டும் உண்மை. நடுவில் "கலைக்காகவே" என்று போட்டீர்களே, அதுதான் இடிக்கிறது.

இவர்கள் ஆரம்பத்தில் பிரபுக்களே இல்லை. மாந்துவாவுக்குத் தெற்கே கொன்சாகா என்றொரு ஊர் இன்றும் இருக்கிறது. அங்கிருந்து வந்த நிலக்காரர்கள். 1328 ஆகஸ்ட் 16 அன்று, வெரோனாவை ஆண்டவர்கள் அனுப்பிய ஆள் பலத்தோடு ஊருக்குள் புகுந்து, அதுவரை ஆண்ட பொனகோல்சி குடும்பத்தை அடித்துத் துரத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பச்சையான ஆட்சிக் கவிழ்ப்பு. நூற்றி அறுபது வருடம் கழித்து, 1494இல், தொமெனிகோ மொரோனே என்ற ஓவியரைக் கூப்பிட்டு அந்தத் தெருச்சண்டையையே பெரிய படமாக வரைய வைத்தார்கள். குதிரைகள், ஈட்டிகள், பின்னால் கோயில் முகப்பு என்று அழகாகவே இருக்கும். திருடிய சொத்துக்குப் பத்திரம் எழுதிய மாதிரி.

பட்டமும் விலைக்கு வாங்கியதுதான். 1433இல் ஜான்பிரான்செஸ்கோ கொன்சாகா, புனித ரோமப் பேரரசர் சிகிஸ்முந்துக்கு 12,000 பொற்காசு கொடுத்து 'மார்க்கிஸ்' ஆனார், டியூக்குக்கு ஒரு படி கீழான பட்டம் அது. அந்தக் கையோடு மூத்த மகன் லுதோவிகோவுக்குப் பேரரசரின் உறவுப் பெண்ணான பிராண்டன்பர்க் பார்பராவைக் கட்டி வைத்தார்.

வரைபடத்தைப் பாருங்கள். மேற்கே மிலான், கிழக்கே வெனிஸ். இரண்டும் யானைகள், நடுவில் மாந்துவா. தப்பிக்க ஒரே வழி, பக்கத்து ராஜ்யங்களுக்குக் கூலிக்குச் சண்டை போட்டுக் கொடுப்பது. குடும்பத் தலைவர்கள் எல்லோரும் கூலிப்படைத் தளபதிகள். இன்று மிலானோடு ஒப்பந்தம், நாளைக்கு வெனிஸோடு. அந்தக் கூலியில்தான் ஓவியனுக்குச் சம்பளம்.

12 ஜனவரி, காலை

அந்த 1328 சண்டையில் செத்த பொனகோல்சி தலைவன் பஸ்ஸெரினோவைப் பற்றி ஒரு கதை உண்டு. வரலாறு இல்லை, ஊர்க்கதை. அவன் பிணத்தைப் பதப்படுத்தி அரண்மனையிலேயே வைத்திருந்தார்களாம். அது உள்ளே இருக்கும்வரை கொன்சாகா ஆட்சி அசையாது என்று ஒரு ஜோசியமாம். கடைசி டியூக்கின் மனைவிக்கு அதைப் பார்க்கவே பிடிக்காமல் ஏரியில் தூக்கிப் போடச் சொன்னாளாம். அப்புறம் என்ன, ஆட்சி போனது. மாமியார் வீட்டுப் பழைய சாமானைத் தூக்கி எறியும் மருமகள்கள் கவனிக்கவும்.

13 ஜனவரி, இரவு

"இவ்வளவு கணக்குப் பார்க்கிறவர்கள் மாந்தேன்யாவைக் கூப்பிட்டு அந்த அறையை வரைய வைப்பார்களா?" என்று 'கரிசல்காடு' கேட்டிருக்கிறார். மாந்தேன்யா இவர்களின் அரசவை ஓவியர், அரண்மனையில் அவர் வரைந்த அறையைத்தான் சொல்கிறார். நல்ல கேள்வி. அந்த அறையே இதற்குப் பதில் சொல்லும்.

வேலை நிமித்தமாகச் சில காலம் பிரேஷா பக்கம் இருந்தேன். அங்கிருந்து மாந்துவா ஒரு நாள் போய்வரும் தூரம்தான். டியூக் அரண்மனையில் ஐந்நூறுக்கும் மேல் அறைகள். நடந்து நடந்து கால் வீங்கிய பிறகுதான் பழைய கோட்டையின் மூலையில் இந்த அறை வருகிறது. 'மணமக்கள் அறை' என்ற பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கட்டிய காலத்தில் 'சித்திர அறை' என்றுதான் பெயர். பக்கத்துக்கு எட்டு மீட்டர் இருக்கும், அவ்வளவுதான். சிறு கூட்டமாக உள்ளே விடுவார்கள், காவலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

எல்லோரும் உள்ளே போனதும் அண்ணாந்து கூரையைத்தான் பார்க்கிறார்கள். வட்டமாக வானம் திறந்திருக்கும், விளிம்பில் பெண்கள் சாய்ந்து நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், குழந்தைத் தேவர்கள் கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம் தொத்திக்கொண்டு நிற்பார்கள். பெரிய செடித்தொட்டி ஒன்று ஒற்றைக் கட்டையின் மேல் இருக்கிறது, யாராவது கட்டையை இழுத்தால் நம் தலையில்தான் விழும். நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவன்தான். ஆனால் விஷயம் சுவரில் இருக்கிறது.

வடக்குச் சுவரில் லுதோவிகோ கொன்சாகா உட்கார்ந்திருக்கிறார். பெரிய சிங்காதனம் எல்லாம் இல்லை, வீட்டு அங்கியில் ஒரு நாற்காலி. கையில் பிரித்த கடிதம். பக்கத்தில் காரியதரிசி குனிந்து காது கொடுக்கிறார். நாற்காலிக்கு அடியில் பழுப்பு நாய், ரூபினோ என்று பெயர், படுத்திருக்கிறது. மனைவி பார்பரா, பிள்ளைகள், குள்ளப் பெண் ஒருத்தி. வலது பக்கம் அரசவை ஆட்கள், ஒரு கால் சிவப்பு, ஒரு கால் வெள்ளை என்று குடும்பச் சின்னத்தின் நிறத்தில் காலுறை போட்டுக்கொண்டு. அடுத்த சுவரில் பதினேழு வயதிலேயே கார்டினல் ஆன மகன் பிரான்செஸ்கோ அப்பாவைச் சந்திக்கிறார். ஓரமாகப் பேரரசர் மூன்றாம் பிரெடெரிக்கும், பார்பராவின் தங்கை கணவரான டென்மார்க் அரசரும் நிற்கிறார்கள்.

யார் இருக்கிறார்கள் என்பதை விட யார் இல்லை என்பதைப் பாருங்கள். லுதோவிகோவுக்குச் சம்பளம் கொடுத்த முதலாளி மிலான் டியூக் கலியாட்ஸோ ஸ்ஃபோர்ட்ஸா இல்லை. 1475இல் இது அவர் காதுக்குப் போய், உலகத்திலேயே பரிதாபமான அந்த டென்மார்க் ராஜாவை வரைந்தவர்கள் என்னை விட்டுவிட்டார்களா என்று கொதித்தார். மாந்துவாவின் தூதர் பதறிப்போய்க் கடிதம் எழுதியிருக்கிறார்.

அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு கல்யாணக் கதை இருக்கிறது. கொன்சாகா வம்சத்தில் முதுகெலும்பு வளையும் நோய் ஒன்று. இதே கலியாட்ஸோவுக்கு லுதோவிகோவின் மகள் சூசன்னாவை நிச்சயம் செய்தார்கள். அவளுக்குக் கூன் விழுந்தது. சரி, தங்கை தொரொதேயா என்று மாற்றிக்கொண்டார்கள். பிறகு மிலான் தரப்பு, மருத்துவர்கள் அவளை உடை களைந்து சோதிக்க வேண்டும் என்றது. அப்பன் மறுத்துவிட்டார். இழுத்துக்கொண்டே போய், 1467இல் தொரொதேயா கல்யாணம் ஆகாமலே செத்துப்போனாள். மறு வருடம் கலியாட்ஸோ வேறு இடத்தில் பெண் எடுத்தார்.

அந்த ஆளை எந்தத் தகப்பன் தன் வீட்டுச் சுவரில் வரைவான்? காரணம் இதுதான் என்று லுதோவிகோ எங்கும் எழுதி வைக்கவில்லை, நான்தான் சொல்கிறேன். ஆனால் 1465இல் தொடங்கி 1474 வரை வரைந்த அறை அது. தொரொதேயா கதை முழுக்க அதற்குள் நடந்து முடிந்துவிட்டது.

14 ஜனவரி

'நூலகப்பூனை' கேட்டதற்கு: ஆமாம், சம்பள விவரம் இருக்கிறது. 1458இல் லுதோவிகோ மாந்தேன்யாவுக்கு எழுதிய கடிதத்தில் மாதம் 15 டுகாட் பொற்காசு, குடியிருக்க வீடு, ஆறு பேருக்கு வேண்டிய தானியம், விறகு. அந்தக் காலத்து ஓவியனுக்கு இது ராஜ சம்பளம். கைக்கு வந்ததா என்பது வேறு விஷயம். 1478இல் ஓவியர், சொன்னது எதுவும் நடக்கவில்லை என்று குறைப்பட்டு எழுத, என் நகைகளே அடகில் இருக்கின்றன என்று மார்க்கிஸ் பதில் எழுதினார். அடுத்த மாதமே கொள்ளைநோயில் இறந்தும் போனார்.

கூரையில் வானத்தைத் திறந்து காட்டிய மனிதரின் முதலாளி அடகுக்கடையில் நின்றிருக்கிறார்.

14 ஜனவரி, சற்று கழித்து

மாந்தேன்யா லேசுப்பட்ட ஆள் இல்லை. தோட்டத்துப் பழத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் திருடிவிட்டார்கள் என்றுகூட மார்க்கிஸுக்குப் புகார் எழுதியவர். ஒரு நாட்டின் அதிபதி பழத்திருட்டுப் பஞ்சாயத்து பார்த்திருக்கிறார். சின்ன ராஜ்யம் என்றால் இதுவும் உண்டு.

17 ஜனவரி, இரவு

இசபெல்லா தெஸ்தே பற்றி ஏன் எழுதவில்லை என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன். அந்த அம்மாளைப் பற்றி எனக்கு ஒரு முடிவுக்கும் வரமுடியவில்லை.

ஃபெர்ராரா இளவரசி. 1490இல், பதினாறு நிரம்பும் முன் லுதோவிகோவின் பேரன் பிரான்செஸ்கோவுக்கு மனைவியாக வந்தார். 1509இல் கணவரை வெனிஸ்காரர்கள் சிறைபிடித்தபோது, ஆட்சியை இவர் கையில் எடுத்து ஊரைக் காப்பாற்றினார். மகனைப் பணயமாக அனுப்பு என்று பேரரசர் கேட்டபோது முடியாது என்றார். கடைசியில் பத்து வயதுப் பையன் ரோமில் போப்பிடம் பணயமாகப் போக வேண்டியிருந்தது. அதுவும் பேரம் பேசி நடந்ததுதான்.

தன் சின்ன அறைக்கு மாந்தேன்யா, பெருஜினோ, கோஸ்தா, கொர்ரேஜ்ஜோ எல்லோரிடமும் படம் வாங்கினார். பெருஜினோவோடு 1503இல் போட்ட ஒப்பந்தத்தைப் படித்தால் சிரிப்பு வரும். எந்தத் தேவதை எங்கே நிற்க வேண்டும், கையில் என்ன இருக்க வேண்டும் என்று எல்லாம் எழுதி, நீயாக எதையும் சேர்க்கக்கூடாது என்ற ஷரத்து வேறு. உருவங்கள் எவ்வளவு உயரம் என்பதற்கு நூலை அளந்து அனுப்பினார். 1505இல் படம் வந்தது, 100 டுகாட் கொடுத்தார், எண்ணெய் வண்ணத்தில் இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு குட்டும் வைத்தார். படத்தைப் பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் பார்த்தேன். பெருஜினோ செய்ததிலேயே உயிரில்லாத வேலை. நூல் பிடித்து வாங்கினால் அப்படித்தான் வரும்.

லியொனார்தோ தா வின்சியிடம் மட்டும் பருப்பு வேகவில்லை. மிலான் பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்ததும் அவர் மாந்துவா வழியாகப் போனபோது இசபெல்லாவின் பக்கவாட்டு முகத்தைக் கரியால் வரைந்து கொடுத்தார். அதை வண்ணத்தில் முடித்துக் கொடுங்கள் என்று வருடக்கணக்கில் கடிதம் போட்டார் இசபெல்லா. சரி, என் படம் வேண்டாம், ஒரு சின்னப் பையன் யேசுவாவது வரைந்து கொடுங்கள் என்று இறங்கி வந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அறுபதை நெருங்கும்போது தித்தியானைக் கூப்பிட்டு இளம்பெண்ணாக வரையச் சொல்லி ஆசையைத் தீர்த்துக்கொண்டார். அது வியன்னாவில் இருக்கிறது.

இது வரைக்கும் ரசிக்கலாம். 1506இல் மாந்தேன்யா கிழவராகி, கடன்பட்டு, தான் உயிராக வைத்திருந்த பழைய ரோமானியப் பளிங்குச் சிலை ஒன்றை, ஃபௌஸ்தினா என்ற அரசியின் தலை அது, விற்கும் நிலைக்கு வந்தார். 100 டுகாட் கேட்டார். கிட்டத்தட்ட ஐம்பது வருடம் குடும்பத்துக்கு உழைத்தவர் என்று இசபெல்லா காசைத் தூக்கிக் கொடுக்கவில்லை. ஆள் விட்டு இழுத்தடித்துக் கடைசியில் வாங்கினார். செப்டம்பரில் மாந்தேன்யா இறந்துபோனார்.

இன்னொன்று. 1491இல் வெனிஸில் இருந்த முகவருக்கு, வேடிக்கைக்கு ஒரு கறுப்பினப் பெண் குழந்தை வேண்டும், முடிந்தவரை கறுப்பாக இருக்கட்டும் என்று எழுதினார். சிலை, கடிகாரம், துணி கேட்ட அதே தொனியில். இதைப் படித்த பிறகு 'மறுமலர்ச்சியின் முதல் பெண்மணி' என்ற அட்டைப்பட வாசகத்தைச் சும்மா தாண்டிப்போக என்னால் முடியவில்லை.

18 ஜனவரி

"அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்" என்று மூன்று பதில். சரி, அந்தக் காலத்தையே வைத்துக்கொள்வோம்.

1495 ஜூலை 6, ஃபொர்னோவோவில் பிரெஞ்சுப் படையோடு சண்டை. பிரான்செஸ்கோ கொன்சாகா தளபதி. பிரெஞ்சுக்காரர்கள் உடைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் வெற்றி வெற்றி என்று கொண்டாட்டம். வெற்றிக்கு மாதாவுக்கு நன்றிப் படம் வேண்டும். யார் பணம்?

தானியேலே தா நோர்சா என்ற யூத வட்டிக்கடைக்காரர் ஊரில் ஒரு வீடு வாங்கியிருந்தார். அதன் சுவரில் பழைய மாதா படம். முறைப்படி திருச்சபையிடம் அனுமதி வாங்கித்தான் அழித்தார். கும்பல் கூடிக் கலாட்டா ஆனது. மார்க்கிஸ் தரப்பு தீர்ப்பு: அதற்குப் பரிகாரமாக நோர்சா 110 டுகாட் கொடுக்க வேண்டும், அதில் மாந்தேன்யா மாதா படம் வரைவார். அதோடும் விடவில்லை. அவர் வீட்டை இடித்து, அந்த இடத்திலேயே கோயில் கட்டிப் படத்தை வைத்தார்கள். சண்டையின் முதலாண்டு நிறைவில், 1496 ஜூலை 6 அன்று ஊர்வலம்.

படம் பிரமாதம். மேலே பழத்தோரணம், நடுவில் தொங்கும் பவளக் கொம்பு, கவசத்தோடு முழங்காலிட்டுப் பல்லைக் காட்டும் பிரான்செஸ்கோ. நெப்போலியன் ஆட்கள் தூக்கிப்போய் அதுவும் இப்போது லூவரில். மாந்துவாவில் எஞ்சியிருப்பது வேறொரு படம், யாரோ பெயர் தெரியாத ஓவியன் வரைந்தது. மாதாவின் காலடியில், கீழ் விளிம்பில், நோர்சா குடும்பத்தார் நான்கு பேர் தலை குனிந்து நிற்கிறார்கள். உடையில் யூதர்களுக்கான வட்ட அடையாளம். சான் அந்திரேயா கோயிலில் இருக்கிறது. நான் போனபோது அதன் முன்னால் ஒருவரும் நிற்கவில்லை. மாந்தேன்யாவின் சமாதிச் சிற்றாலயத்தைப் படம் எடுத்துவிட்டுக் கூட்டம் வெளியே போய்க்கொண்டிருந்தது.

21 ஜனவரி

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் அதிகம் பேருக்குத் தெரிந்த கொன்சாகா யார்? கிறிஸ்தவ நண்பர்களுக்கு உடனே பிடிபடும். புனித அலோசியுஸ் கொன்சாகா, நம் கோயில்களில் ஞானப்பிரகாசியார். அவர் இந்தக் குடும்பத்துக் கிளைதான். காஸ்திலியோனே மார்க்கிஸின் மூத்த மகன். 1585இல் பட்டத்தைத் தம்பி ருதோல்ஃபோவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு யேசு சபையில் சேர்ந்தார். நடுவில் ஒரு முறை ஊருக்கு அனுப்பினார்கள். எதற்கு? தம்பிக்கும் மாந்துவா டியூக் வின்சென்ஸோவுக்கும் சொத்துத் தகராறு, சமாதானம் பேச. துறவியானாலும் பங்காளிச் சண்டை விடவில்லை. 1591இல் ரோமில் கொள்ளைநோய்க்காரர்களைத் தூக்கிச் சுமந்து, நோய் தொற்றி 23 வயதில் இறந்தார். பட்டம் வாங்கிய தம்பியை 1593இல் கொன்றுவிட்டார்கள்.

மங்களூர் போகிறவர்கள் அலோசியுஸ் கல்லூரியின் சிற்றாலயத்தைப் பாருங்கள். மொஸ்கேனி என்ற இத்தாலிய யேசு சபைச் சகோதரர் சுவர், கூரை முழுக்க வரைந்து தள்ளியிருக்கிறார், கூரையில் இந்த அலோசியுஸின் வாழ்க்கை. கொன்சாகா குடும்பத்துக் கதை நிறைய வரையப்பட்ட இடங்களில் ஒன்று கர்நாடகக் கடற்கரையில் இருப்பதைச் சொன்னால் மாந்துவாக்காரர்களே நம்ப மாட்டார்கள்.

இன்னொரு கிளை நொவெல்லாராவை 1728 வரை ஆண்டது. இன்று அந்த ஊரில் ஐரோப்பாவின் பெரிய குருத்வாராக்களில் ஒன்று இருக்கிறது. போ ஆற்றுச் சமவெளியில் மாட்டுப்பண்ணை வேலைக்கு வந்த பஞ்சாபிகள் கட்டியது. பார்மீஜியானோ சீஸுக்குப் பால் கறப்பவர்களில் நிறையப் பேர் அவர்கள்தான்.

25 ஜனவரி, இரவு

இசைக்காரர்கள் கோபித்துக்கொள்ளும் முன், மாந்துவா அரசவையில் இசையமைத்த மொன்தெவெர்தி.

வின்சென்ஸோ, 1587இல் டியூக் ஆனவர், குடும்பத்திலேயே பெரிய செலவாளி. சூதாட்டம், பெண்கள், ஹங்கேரிக்கு மூன்று முறை படை, அரண்மனையில் நாடகம். ஓவியர் ரூபன்ஸ் 1600இல் இருந்து எட்டு வருடம் இவரிடம் வேலை பார்த்தார். ரோமில் ஒரு கோயில், மாதா பிணம் மாதிரிக் கிடக்கிறாள் என்று வேண்டாம் எனத் தள்ளிய கரவாஜ்ஜோவின் 'மாதாவின் மரணம்' படத்தை, ரூபன்ஸ் சொல்லி 1607இல் வாங்கினார். இங்கே நான் மடங்குகிறேன். அதை வாங்கியதில் எந்த ராஜதந்திரமும் இல்லை. கண் இருந்தது, வாங்கினார்கள்.

அதே 1607 பிப்ரவரி 24 அன்று மொன்தெவெர்தியின் 'ஓர்ஃபியோ'. இன்றும் அடிக்கடி மேடையேறும் ஓபராக்களில், அதாவது இசை நாடகங்களில், மிகப் பழையது. பெரிய விழா என்று நினைக்காதீர்கள். டியூக்கின் மகன் பிரான்செஸ்கோ, அரண்மனையில் ஓர் அறையில், ஒரு சங்கத்துக்காக ஏற்பாடு செய்தது. பாட ஆள் போதாமல், பீசாவில் இருந்த தம்பிக்கு, அங்கே நல்ல பாடகன் ஒருவனைக் கடன் கொடு என்று கடிதம் எழுதியிருக்கிறார். வந்த பாடகன் பாட்டை மனப்பாடம் செய்யத் திணறினான் என்ற கவலையும் கடிதத்தில் இருக்கிறது. எந்த ஊர் சபாவிலும் நடப்பதுதான்.

அந்த வருடமே மொன்தெவெர்தியின் மனைவி இறந்தார். மறு வருடம் பிரான்செஸ்கோவின் கல்யாணத்துக்கு இன்னொரு ஓபரா. மனிதர் நொடிந்து போய்ச் சொந்த ஊர் கிரெமோனாவில் இருந்து, மாந்துவாக் காற்றே எனக்கு ஆகவில்லை என்று எழுதினார். 1612இல் வின்சென்ஸோ இறந்தார், பட்டத்துக்கு வந்த அதே பிரான்செஸ்கோ, 'ஓர்ஃபியோ' போட்டவரேதான், இவரை வேலையை விட்டு அனுப்பினார். 21 வருடம் உழைத்துக் கையில் 25 ஸ்கூதோ காசோடு வெளியேறினேன் என்று அவரே பிற்பாடு சொல்கிறார். அடுத்த வருடம் வெனிஸ் சான் மார்க்கோ கோயில் வருடம் 300 டுகாட்டுக்கு எடுத்துக்கொண்டது.

1620இல் மாந்துவா திரும்பக் கூப்பிட்டபோது அவர் எழுதிய மறுப்புக் கடிதம் அரசாங்க ஊழியர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது. இங்கே சம்பளம் நேரத்துக்கு வீடு தேடி வருகிறது, அங்கே என் சொந்தப் பணத்துக்குப் பொக்கிஷதாரர் முன்னால் போய்க் கெஞ்சி நின்றேனே, அதைவிட அவமானம் நான் பட்டதில்லை என்கிறார். ஓய்வூதிய அலுவலகம் ஒன்றில் என் அப்பாவோடு நின்றவன் நான். அந்தக் கடிதத்தை நிறுத்தி நிறுத்தித்தான் படித்தேன்.

2 பிப்ரவரி

விற்ற கதை.

'ஓர்ஃபியோ' போட்ட பிரான்செஸ்கோ 1612 கடைசிக்குள் இறந்தார். அடுத்துத் தம்பி ஃபெர்தினாந்தோ, 1626இல் அவரும் போனார். அடுத்த தம்பி இரண்டாம் வின்சென்ஸோ, உடம்பு முடியாதவர். மூவருக்கும் பட்டத்துக்கு முறையான மகன் இல்லை. கஜானா காலி. வெனிஸில் இருந்த தானியேல் நைஸ் என்ற வியாபாரி, இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸுக்காகப் பேசி 1627இல் கொன்சாகா ஓவியச் சேகரிப்பின் பெரும்பகுதியை வாங்கி முடித்தார். தித்தியான், ரஃபேல், கொர்ரேஜ்ஜோ, கரவாஜ்ஜோ எல்லாம் கப்பலேறின. சார்லஸ் அப்போது பிரான்சோடு சண்டையில் இருந்தார். படைக்குப் போக வேண்டிய பணம் படத்துக்குப் போகிறது என்று அவர் கஜானாக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அந்த டிசம்பரில் வின்சென்ஸோ இறந்தார். சாகும் தறுவாயில் அண்ணன் மகள் மரியாவுக்கு, பிரான்சில் இருந்த, குடும்பத்தின் நெவேர் கிளைப் பையனை அவசர அவசரமாகக் கட்டி வைத்தார்கள். பிரான்சுக்காரன் வருவதா என்று ஸ்பெயினும் பேரரசரும் எழுந்தார்கள். ஊரை முற்றுகையிட்டு, உள்ளே கொள்ளைநோய் பாதியைத் தின்று, 1630 ஜூலை 18 அன்று பேரரசின் படை புகுந்து சூறையாடியது. நாள் கணக்கில் கொள்ளை. விற்காமல் வைத்திருந்ததும் போனது.

அந்தப் பேரரசர் இரண்டாம் ஃபெர்தினாந்தின் மனைவி யார் தெரியுமா? எலெயொனோரா கொன்சாகா. முதல் வின்சென்ஸோவின் மகள், அந்த மூன்று டியூக்குகளின் தங்கை. மாந்துவாவில் பிறந்தவள். 1433இல் பேரரசரின் உறவில் பெண் எடுத்துத் தொடங்கிய கணக்கு இது. இருநூறு வருடம் கழித்துத் தங்கள் பெண்ணையே பேரரசியாக உட்கார வைத்தும், அவள் புருஷனின் படைதான் ஊரைத் தின்றது.

3 பிப்ரவரி

'நூலகப்பூனை' சொல்வதுபோல, விற்றதால்தான் சில படங்கள் பிழைத்தன. ஓரளவு உண்மை, 1630இல் இருந்திருந்தால் சிப்பாய்கள் கிழித்திருப்பார்கள். ஆனால் சார்லஸ் தலையும் 1649இல் போனது, படங்கள் மறுபடி ஏலம். தித்தியான் வரைந்த ரோமப் பேரரசர்கள் பதினொரு பேரும் மாட்ரிட் போய், 1734 அரண்மனைத் தீயில் சாம்பல். கரவாஜ்ஜோ லூவரில். மாந்தேன்யாவின் 'சீசரின் வெற்றி ஊர்வலம்' ஒன்பது படத்தையும் மட்டும், சார்லஸை வீழ்த்திய குரோம்வெல் விற்கவில்லை. இன்றும் இங்கிலாந்து அரச சேகரிப்பில் இருக்கின்றன.

9 பிப்ரவரி, இரவு

முதல் நாள் எழுதியதற்கே திரும்ப வருகிறேன். காரியக்காரர்கள் என்ற பேச்சை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் மாந்துவாவில் 'பலாட்ஸோ தே' என்ற மாளிகை நினைவுக்கு வந்து தொந்தரவு செய்கிறது.

இசபெல்லாவின் மகன் ஃபெதெரிகோ, அந்தப் பணயப் பையன்தான், ஊருக்கு வெளியே குதிரை லாயம் இருந்த இடத்தில் 1525இல் ஓவியரும் கட்டடக் கலைஞருமான ஜூலியோ ரோமானோவை விட்டுக் கட்டிய மாளிகை அது. முற்றத்தில் நின்று மேலே பார்த்தால் விளிம்பில் சில கற்கள் நழுவிக் கீழே இறங்கியிருக்கும். பராமரிப்பு இல்லை என்று நினைப்போம். கட்டும்போதே அப்படி. உள்ளே ஒரு கூடத்தில் குடும்பத்துக் குதிரைகள் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. கடைசியில் ராட்சதர் அறை. மூலையே தெரியாமல் நான்கு சுவரும் கூரையும் ஒன்றாக, தூண்கள் உடைந்து பாறைகள் ராட்சதர்கள் மேல் சரிகின்றன. ஒரு கண் பிதுங்கியவன், பாறைக்கு அடியில் கை மட்டும் தெரிகிறவன். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று உள்ளே வந்து கத்தித் தீர்த்தது. ஆசிரியர் அடக்கவில்லை.

அரசியல் விளக்கம் உண்டு: பேரரசரை எதிர்த்தவர்கள் இப்படி நொறுங்குவார்கள் என்று ஐந்தாம் சார்லஸுக்குக் குழையடிப்பது. 1530இல் சார்லஸ் வந்து இந்த மாளிகையில் விருந்து சாப்பிட்டு, ஃபெதெரிகோவை டியூக் ஆக்கிவிட்டும் போனார். ராட்சதர் அறை அதற்குப் பிறகு வரைந்ததுதான். ஆனால் நழுவும் கற்கள் எந்தப் பேரரசருக்கு? அது கட்டியவனும் கட்டச் சொன்னவனும் தங்களுக்குள் சிரித்துக்கொண்டது. 'கரிசல்காடு' கேட்ட "கலைக்காகவே" என்பதற்கு ஏதாவது இடம் உண்டென்றால் அந்த இரண்டு மூன்று கற்களில் கொடுக்கிறேன்.

10 பிப்ரவரி

இல்லை, கடைசி டியூக் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஃபெர்தினாந்தோ கார்லோ. 1681இல் கஸாலே கோட்டையைப் பிரான்சுக்கு விற்றார், 1701இல் பிரெஞ்சுப் படையை ஊருக்குள் விட்டார், பேரரசர் துரோகி என்று அறிவித்தார், 1708இல் பதுவாவில் செத்தார். மாந்துவா ஆஸ்திரியாவுக்குப் போனது.

16 பிப்ரவரி

வெரோனாவில் இருந்து ஒரு நாள்தான் போக முடியும், எதைப் பார்க்க என்று கேட்டவருக்கு:

திங்கள்கிழமை போகாதீர்கள், அரண்மனை மூடியிருக்கும். சித்திர அறைக்கு நேரம் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். 2012 நிலநடுக்கத்துக்குப் பிறகு 2015 வரை மூடி வைத்துத் திறந்தார்கள், ஆள் கணக்கில் இன்னும் கறார். உள்ளே போனதும் கூரையை விட்டுவிட்டு முதலில் நாயைப் பாருங்கள், கூட்டம் அண்ணாந்திருக்கும்போது சுவர் உங்களுக்குக் காலியாகக் கிடைக்கும். மதியத்துக்கு மேல் தே மாளிகைக்கு நடந்தே போகலாம். ஜூலை, ஆகஸ்ட் என்றால் ஏரியில் தாமரை பூத்திருக்கும், கொசுவும் இருக்கும். 1459இல் மாநாட்டுக்கு வந்த போப் இரண்டாம் பயஸ், தவளைச் சத்தம் தவிர இந்த ஊரில் ஒன்றும் கேட்கவில்லை என்று கூட வந்தவர்கள் குறைப்பட்டதை எழுதிவைத்தார்.

சாப்பாட்டுக்கு, பரங்கிக்காய் வைத்த தொர்தெல்லி கேளுங்கள். உள்ளே பாதாம் பிஸ்கட்டும் கடுகு போட்ட பழ ஊறுகாயும் சேர்த்து இனிப்பாக இருக்கும், சைவக்காரர்கள் தப்பித்தோம். மற்றவர்கள் 'ஸ்த்ராகோத்தோ தி அசினோ' என்று எழுதியிருப்பதை மாட்டுக்கறி என்று நினைத்து ஆர்டர் செய்ய வேண்டாம். அது கழுதை.